நாற்பத்தொரு புள்ளி முன்னிலை

அன்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் தலைமைப் பயிற்சியாளர் வாஸ்பர்க் இருந்தார். மடியில் கணினியுடன் உதவியாளன் நோலன் இருந்தான். கோடியில் ஆன்சல் இருந்தான். எதிரே மூன்றாம் வரிசையில் ஆன்சலைப் பெற்ற மெர்லும் டோரீனும் இருந்தார்கள். மற்றபடி, அமெரிக்க மாநிலமான அயோவாவின் பனியில் வண்டி ஓட்டி வந்த ஊர் முழுவதும் அந்த அரங்கில் இருந்தது.

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆன்சலுக்கு இது நான்காம் ஆண்டு. சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். விடைபெறும் ஆட்டக்காரர்களின் தாய்மார்க்கு வழங்கிய பூங்கொத்து டோரீனின் மடியில் இருந்தது.

எதிரணி, அட்டவணையின் அடியில் கிடந்த நோஞ்சான் அணி. நாற்பத்தொரு புள்ளி பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நிமிடம். பெஞ்சின் கோடியில் இருப்பவனுக்கு வாழ்வு வருவது இத்தகைய வேளையில்தான்.

"ஆன்-சல்! ஆன்-சல்!" மாணவர் கூட்டம் காலால் தரையை உதைத்துக் கத்தியது.

அந்தக் கூச்சல் நின்றுவிடக் கூடாதா என்றிருந்தது ஆன்சலுக்கு.

போன மாதம் இதேபோன்ற ஒரு சோப்ளாங்கி அணியோடு ஆடியபோது அவனை இறக்கினார்கள். முப்பதாக இருந்த முன்னிலை இருபத்தொன்றாகச் சுருங்கியது. வெற்றி வெற்றிதான், ஆனால் தரவரிசையைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு அது போதாது. வென்றாயா என்று மட்டும் அது கேட்பதில்லை. எவ்வளவு மிதித்து வென்றாய் என்றும் கேட்கும். விடிந்தபோது அணி நான்கு இடம் சரிந்திருந்தது. "ஆன்சல் இறங்கினான், ரேங்கும் இறங்கிச்சு" என்று கைப்பேசிகளில் கேலி பறந்தது. சக ஆட்டக்காரர்கள் அவனைக் கண்டதும் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்கள். அதுதான் அவனைக் கொன்றது.

"இன்னிக்கு நாப்பதுக்குக் கீழ போனா தேசியப் போட்டிக்கு நமக்கு அழைப்பு வராது, கோச்." நோலன் முணுமுணுத்தது ஆன்சலின் காதிலும் விழுந்தது.

"தெரியும். அந்தக் கம்ப்யூட்டரை மூடு." வாஸ்பர்க் பெஞ்சின் கோடிக்கு வந்தார். "ஆன்சல்! எந்திரி!"

அரங்கம் அதிர்ந்தது. டோரீன் பூங்கொத்தோடு எழுந்து நின்றாள்.

ஆன்சல் எழவில்லை. குனிந்தான். இறுகக் கட்டியிருந்த ஷூ லேஸைத் தானே இழுத்து அவிழ்த்தான். பிறகு அதைக் கட்டுவதுபோல் விரல்களை ஓட்டினான். முடிச்சு மட்டும் போடவில்லை.

"இதோ, கோச்... லேஸ்... ஒரு நிமிஷம்..."

வாஸ்பர்க் லேஸைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார்.

"உட்காரு!" என்று அரங்கமே கேட்கும்படி இரைந்தார். "ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது. ஆடுற அஞ்சு பேரே ஆடட்டும்!"

ஊளைச் சத்தம் கூரையைப் பிய்த்தது. யாரோ எறிந்த சோளப்பொரி வாஸ்பர்க்கின் தோளில் சிதறியது. அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை.

நாற்பத்தாறு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கைதட்டத்தான் ஆளில்லை.

உடை மாற்றும் அறையின் வாசலில் மெர்ல் வாஸ்பர்க்கை வழிமறித்தார். பக்கத்தில் டோரீனும் ஆன்சலும் நோலனும் நின்றார்கள்.

"ஏன்யா, நாலு வருஷம் உங்க டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கினானே என் மகன்! மூணு நிமிஷம் குடுக்க மனசு வரலையா? செத்த பாம்பை அடிக்கிறதுல அவ்வளவு ருசியா?"

"ரேங்க் முக்கியம் சார்."

"த்தூ! நீரெல்லாம் ஒரு பெரிய மனுஷன்!" மெர்ல் மகன் பக்கம் திரும்பினார். "நீ ஆடத் தயாரா இருந்தியா இல்லையா? இந்தாள் மூஞ்சிக்கு நேரா சொல்லுடா."

ஆன்சல் ஏறிட்டுப் பார்த்தான். அம்மாவின் கையில் பூங்கொத்து கசங்கியிருந்தது. லேஸைப் பார்த்தவர் இப்போது வாயைத் திறந்துவிட்டால்?

"தயாராத்தான்ப்பா இருந்தேன்" என்றான்.

வாஸ்பர்க் வாயைத் திறக்கவில்லை.

நோலனுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன கோச் இது? ரேங்க் நாசமாப் போகட்டும், என் வேலையே போனாலும் சரி, கடைசி மூணு நிமிஷம் ஆன்சலுக்குத்தான்னு காலையில நிர்வாகத்தோட மல்லுக்கு நின்னது நீங்கதானே? அப்புறம் ஏன் இப்படி..."

வாஸ்பர்க் கையிலிருந்த குளிர்கோட்டை மாட்டிக்கொண்டார். ஆன்சலின் காலடியில் இன்னும் அவிழ்ந்தே கிடந்த லேஸை மிதித்துவிடாமல் தாண்டி, வெளியே நடந்தார்.