கடலுக்குப் போகும் கூந்தல்

கவிழ்ந்த கப்பலின் எண்ணெய் இன்னும் இரண்டு நாளில் கரையைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க மலைமேல் இருக்கும் வண்டன்மேட்டிலிருந்து பத்து மூட்டை தலைமுடி ஜீப்பில் ஏறக் காத்திருந்தது.

"முடியா டீச்சர் கடலைக் காப்பாத்தும்?" என்றார் டிரைவர் ஏசுரத்தினம்.

"முடியில எண்ணெய் நல்லா ஒட்டும்ணே. துணிப்பையில அடைச்சு மிதக்கவிட்டா, கரைக்கு வர்ற எண்ணெயை அப்படியே பிடிச்சுக்கும். இப்பப் பாருங்க."

சோனா டீச்சர் வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி வண்டி எண்ணெயை ஊற்றி, முடி அடைத்த பையை மிதக்கவிட்டாள். முடி கொடுத்த ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் பெருமையோடு சுற்றி நின்றார்கள்.

பத்து நிமிடம் கழித்து ஏசுரத்தினம் எட்டிப் பார்த்தார். "எண்ணெய் கூடியிருக்கே டீச்சர்."

சோனா பையை எடுத்துப் பிழிந்தாள். தேங்காய் எண்ணெய் மணத்தது.

"கற்பகக்கா, வெட்டுறதுக்கு முன்னாடி முடியை என்ன செஞ்சீங்க?"

இடுப்புவரை இருந்த கூந்தலைக் கொடுத்திருந்த கற்பகம் முடியில்லாத பிடரியைத் தடவிக்கொண்டாள்.

"கடலம்மாவுக்குப் போற முடியை வறட்டு முடியாவா குடுக்குறது? எல்லாரும் ஒரு வாரம் எண்ணெய் வச்சு ஊறப்போட்டுத்தான் வெட்டுனோம்."

சோனா ஏசுரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கடலுக்கு அப்புறம் போகலாம். முதல்ல குமுளிக்குப் போய் ஒரு மூட்டை சீயக்காய் வாங்கிட்டு வாங்க."