சம்பந்தி கொடுத்த பீரோ

"பீரோவா அது? கதவுல கை வச்சா பொசுக்குன்னு அமுங்குது. அம்புட்டும் தகரம்!"

காலைக் காபியோடு ஜக்கம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மருமகள் ஜீவிதா கொண்டுவந்த சீரைக் குறை சொல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் காபி இறங்கியதில்லை.

"கட்டில் மட்டும் என்னவாம்? புரண்டு படுத்தா கிறீச்சுங்குது. ஃபிரிட்ஜுல பாலை வச்சா மறுநாள் தயிராகுது. ஞாயித்துக்கிழமை உங்கப்பா காதுகுத்துச் சீர் பேச வாராருல்ல? மூஞ்சிக்கு நேராவே கேக்கப்போறேன். பேரன் காதுகுத்துக்குப் புது பீரோ, புதுக் கட்டிலு, புது ஃபிரிட்ஜு. இந்தப் பழசையெல்லாம் அவரே தூக்கிட்டுப் போகட்டும்."

ஜீவிதாவுக்கு அப்பாவின் நிலைமை தெரியும். அப்பா சோலைமலைக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைத் தோட்டம். இந்த வருஷம் காய் விலை அதலபாதாளத்துக்குப் போய், பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை. ஆனாலும் சம்பந்தியம்மா கேட்டால் மறுபேச்சுப் பேசமாட்டார். "சரிங்க, செஞ்சிரலாமுங்க" என்று கும்பிட்டுவிட்டு, தோட்டத்தை அடகு வைக்கக் கிளம்பிவிடுவார்.

அவள் கணவனைப் பார்த்தாள். மோகன்குமார் முகம் தெரியாதபடி பேப்பரைப் பிடித்திருந்தான். "நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "அம்மாகிட்டப் பேசி ஜெயிச்சவங்க யாரு இருக்கா?" என்பதோடு சரி. இப்படி ஒரு வாயில்லாப் பூச்சிக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

காலிங்பெல் அடித்தது. வாசலில் தோள்பையோடு ஒரு பெண்.

"வணக்கம்மா. என் பேரு நான்சி. இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டுச் சாமானுக்கெல்லாம்..."

"அதெல்லாம் வேணாம்த்தா. இந்த ஃபிளாட்டு வாங்க லோன் போட்டப்பவே பேங்க்ல எடுத்தாச்சு" என்று ஜக்கம்மாள் கதவைச் சாத்தப் போனாள்.

"அது சுவருக்கும் கூரைக்குந்தாம்மா. உள்ள இருக்குற சாமான் தீப்பிடிச்சாலோ, திருடு போனாலோ அதுல ஒத்தப் பைசா வராது."

ஜக்கம்மாள் யோசித்தாள். பிறகு, பார்ப்பதற்குக் காசா பணமா என்பதுபோல நகர்ந்து வழிவிட்டாள்.

உள்ளே வந்த நான்சி பீரோவின் முன் நின்று உதட்டைப் பிதுக்கினாள். "இது தகரம்தானேம்மா? திருடு போனா பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்."

ஜக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. தினமும் தானே சொல்கிற வார்த்தைதான். ஆனால் அசலார் வாயிலிருந்து வந்ததும் பொறுக்கவில்லை. அதைவிட அந்தப் பழைய இரும்பு விலை அறவே பொறுக்கவில்லை.

"யாத்தா, யாரு வீட்டு பீரோவப் பாத்து தகரங்கிற?" பீரோவை ஓங்கித் தட்டினாள். "கேட்டியா சத்தத்த? கெட்டி இரும்பு! மூணாவது மாடிக்கு ஏத்துறதுக்குள்ள ஆளுகளுக்கு நாக்குத் தள்ளிப்போச்சு."

"அப்படின்னா ஒவ்வொண்ணையும் நீங்களே காட்டிச் சொல்லுங்கம்மா. நான் வீடியோ எடுத்துக்கறேன். தரத்தப் பாத்துத்தான் ஆபீசுல தொகை போடுவாங்க."

"வீடியோவா? செத்த நேரம் இரு." ஜக்கம்மாள் முகம் கழுவி, பவுடர் போட்டு, சேலையும் மாற்றிக்கொண்டு வந்தாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை.

"இந்தக் கட்டிலு சுத்தமான தேக்கு. இம்புட்டு வருசத்துல ஒரு சின்னச் சத்தம் வந்திருக்குமா? ஃபிரிட்ஜைப் பாரு. சாயந்தரம் மல்லிகை மொட்ட வச்சா மறுநாளும் மொட்டாவே இருக்கும். பால் கெட்டதா சரித்திரமே இல்ல."

சமையலறை வாசலில் நின்ற ஜீவிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"எல்லாம் யாரு வாங்குனதும்மா?" என்று கேட்டாள் நான்சி.

"எங்க சம்பந்தி சோலைமலை. அவரு ஒரு சாமான் வாங்குனா அதுல குத்தம் சொல்ல முடியுமா? பாத்துப் பாத்துச் செய்யிற மனுசன்."

"இதையெல்லாம் மாத்துற யோசனை ஏதும் இருக்கா? சீக்கிரம் புதுசு வரப்போகுதுன்னா, இந்தச் சாமானைக் கணக்குல சேக்க மாட்டாங்க."

"புதுசா? எதுக்குத்தா புதுசு? என் பேரன் கல்யாணத்துக்கும் இது கிண்ணுன்னு நிக்கும். சம்பந்தி குடுத்தது இருக்கையில இன்னொரு சாமான் இந்த வீட்டுப் படியேறாது. நல்லாப் பதிஞ்சுக்க!"

நான்சி நன்றாகவே பதிந்துகொண்டு கிளம்பினாள். ஜீவிதா லிஃப்ட் வரை கூடவே போனாள். மனசு ஆறவில்லை.

"பணம் வருமுன்னதும் எப்படிப் பேசுறாங்க பாத்தீங்களாக்கா! ஞாயித்துக்கிழமை எங்கப்பா வந்ததும் எல்லாம் மறுபடி தகரமாயிரும். சரி, பாலிசி எப்பக்கா வரும்?"

நான்சி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாலிசியா? நீங்க குடிவந்த மாசமே உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட எடுத்துட்டாரும்மா. இன்னைக்கு அவரு என்னைய வரச்சொன்னது இந்த வீடியோவுக்குத்தான்."

லிஃப்ட் இறங்கிப்போன பிறகும் ஜீவிதா அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஏப்பா மோகனு, வீடியோவுல நான் நல்லா விழுந்திருப்பேனா?"

வாயில்லாப் பூச்சி பேப்பரை மடித்து வைத்தது. "அதுக்கென்னம்மா, ஞாயித்துக்கிழமை நம்ம பெரிய டிவியில போட்டுப் பாத்துருவோம். மாமாவும் வந்திருவாருல்ல!"