குழாயில் எழுதியது

“இதுக்குப் பேரு பெவலாடா மச்சான்? எலி கொறிச்ச தேங்காய் மாதிரி இருக்கு.”

“இன்னும் எவ்வளவுதான் தேய்க்கறது? குழாயே தீர்ந்துபோயிடும்.”

“தீரட்டும். எடுத்துட்டுப் போய்த் தேய்.”

வெல்டர் இலைத்தியா குழாயின் விளிம்பில் பெருவிரலை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அதை மறுபடியும் என் பக்கம் உருட்டினான்.

காலையிலிருந்து இதே கதைதான்.

சுவா துறையின் கரைமேடையில், தீவுகளுக்குப் போகும் கப்பல் வயிறு திறந்து கிடந்தது. அதன் இயந்திரத்துக்குக் கடல்நீர் கொண்டுபோகும் குழாய்களை நான் அறுத்து, முனைகளைக் கிரைண்டரால் சாய்வாகத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குப் பேர்தான் பெவல். இரண்டு சாய்வுகள் சேரும் பள்ளத்தில் அவன் பற்றவைக்க வேண்டும்.

போன வாரம் அவன் பற்றவைத்த இணைப்புகள் தண்ணீர்ச் சோதனையில் கசிந்தன. என் பெவல் கோணல் என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

அளவுத்தகட்டை முனையில் பொருத்திப் பார்த்தேன். இடையில் ஒளிகூடப் புகவில்லை.

பெவலில் ஒரு குறையும் இல்லை. குறை அவனுக்கு என்மேல்தான்.

இலைத்தியா என் அத்தை மகன். எங்கள் தீவில் மச்சானைத் திட்டாமல் இருப்பது மரியாதை இல்லை. அதனால் ஒவ்வொரு குழாயிலும் சாக்பீஸால் ஒரு திட்டு எழுதித்தான் அனுப்புவேன். ‘சீக்கிரம் பத்தவை, கப்பல் துருப்பிடிக்குது.’ அவன் அடியிலேயே பதில் எழுதுவான். ‘நீ தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள கப்பல்மேல பவளம் வளர்ந்துடுச்சு.’

சில வாரங்களாகப் பதில் இல்லை.

கிழட்டு ஆமை என்று எழுதினேன். அவன் பெண்டாட்டியின் சமையலைப் பற்றி எழுதினேன். எதற்கும் ஒரு எழுத்துகூட இல்லை. வேலை முடிந்து யாங்கோனா வேர்ச்சாறு குடிக்கக் கூப்பிட்டால், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகணும் என்று புதுப்பெண் மாதிரி கிளம்பிவிடுகிறான்.

அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மதியம் ஃபோர்மேனிடம் போய் வேறு வெல்டர் கேட்டுவிட்டேன். அவருக்கும் கசிந்த குழாய்களின் எரிச்சல் இருந்தது. “சரி செமேசா. உன் மச்சான்தானே, சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லிடு” என்றார்.

வேறு வெல்டர் வந்தால் இலைத்தியாவுக்கு இந்தத் துறையில் வேலை இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

திருப்பி அனுப்பிய குழாயை நான் தேய்க்கவில்லை. கிரைண்டரை வெறும் காற்றில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. சாக்பீஸை எடுத்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே, கொட்டை எழுத்தில் எழுதினேன்.

‘நாளையிலிருந்து உன்னோட வேலை செய்யமாட்டேன். வேற வெல்டர் கேட்டுட்டேன். நீ வீட்டுக்குப் போ.’

எழுத்து அவனைப் பார்த்து இருக்கும்படி குழாயைத் தாங்கியில் வைத்தேன்.

குனிந்தான். வெயில் நேராக எழுத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் பெருவிரல் நிதானமாக விளிம்பைச் சுற்றி வந்தது.

“ம். இப்பத்தான் மனுஷன் கை பட்ட மாதிரி இருக்கு.”

நான் தொடவே இல்லையே என்று கத்த வாய் திறந்தேன். வேலையே போகிறது என்று எழுதியிருக்கிறேன், இவன் பெவலைப் பாராட்டுகிறான்.

அவன் நெற்றியில் ஏற்றிவைத்திருந்த முகமூடியை இறக்கவில்லை. நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, அங்கே அடுக்கியிருந்த குழாய்களைப் பார்த்துச் சிரித்தான்.

“சாக்பீஸ் சத்தம் கேட்டுச்சு. இந்தத் தடவ ரொம்ப நீளமா எழுதியிருக்க போல. நல்ல கெட்ட வார்த்தையா?”

அவன் கை குழாயின்மேல் தடவிக்கொண்டே வந்து, முதல் எழுத்தின்மேல் நின்றது.

“பதில் குடுத்து நாளாச்சு, எனக்கே அசிங்கமா இருக்கு. யாருக்கும் தெரிய வேணாம். கொஞ்சம் கிட்ட வந்து படிச்சுக் காட்டு மச்சான்.”