ஏரிக்கரை ஹோட்டலின் பின்வாசல்

கால்கள் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

அக்காவுக்கு ஏரிக்கரை ஹோட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுக்கத்தான் அழைத்து வந்தான். பேச்சு மும்முரத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டி, காலி எண்ணெய் டின்கள் கிடந்த சந்துக்குள் திரும்பி, சமையலறையின் பின்வாசலில் போய் நின்றுவிட்டான்.

தினமும் அவன் நிற்கிற இடம். பார்சலை வாங்கிப் பையில் வைத்து, வண்டியைக் கிளப்புகிற இடம்.

அக்காவுக்குத் தெரிந்த தம்பி வேறு. பெரிய கம்பெனியில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. போனில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். அம்மா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அவனைப் படிக்க வைத்தவள் அவள். அவளிடம் வேறென்ன சொல்வது?

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று அவள் சொன்னதிலிருந்தே, தெரிந்தவர் யாரும் எதிரே வராத வழிகளை அவன் யோசித்து வைத்திருந்தான். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர், "என்னப்பா, இன்னிக்கு வண்டி எடுக்கலையா?" என்றார். ராட்டினத்தடியில் காவலாளி, "பார்சல் யாருக்கு?" என்றார். இரண்டு கேள்வியையும் இருமி இருமியே அமுக்கினான்.

"ஏசி ரூம்லயே உக்காந்திருந்தா இப்படித்தான்டா இருமல் வரும்" என்று அக்கா முதுகைத் தடவிவிட்டாள்.

இப்போது இருமலும் உதவாது. கடவுளே, என்றான் மனதுக்குள்.

பின்கதவு திறந்தது. பரிமாறுகிற மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால், புதுப்புடவையின் மடிப்புக் கலையாமல் நின்றவளைப் பார்த்தார். மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார்.

"வாங்க சார். முன்னாடி ஒரே கூட்டம், இந்தப் பக்கமா வந்ததே நல்லது. ஜன்னலோர மேஜை உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்."

நேற்றுவரை, 'டேய் புயலு, சூப்பைச் சிந்தாமப் போடா' என்று விரட்டிய அதே வாய்தான். ஆண்டவன் சில நேரம் தோளில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டும் வருவான்.

ஜன்னலுக்கு வெளியே ஏரியில் படகுகள் மிதந்தன. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேஜையில் யாராவது தன்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயத்தில், எதைத் தின்றான் என்றே தெரியவில்லை.

அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள். போனில் எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"எனக்கென்னடா குறை? சமையலுக்கு ஒரு ஆள், பாத்திரத்துக்கு ஒரு ஆள். உங்க மாமா என்னை ஒரு துரும்பக்கூட நகர்த்த விடமாட்டாரு."

இவளாவது நன்றாக இருக்கிறாளே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்தார்கள். அக்காவின் பேச்சு இன்னும் மாமாவின் பெருமையிலேயே இருந்தது. கைகள் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவை பாட்டுக்கு மிச்சத்தையெல்லாம் ஒரே தட்டில் வழித்தன. பெரியதன் மேல் சிறியதாக அடுக்கின. டம்ளர்களை விரலுக்கு ஒன்றாகக் கோத்துத் தூக்கின. கிடந்த துணியை எடுத்து மேஜையை ஒரே வீச்சில் துடைத்தன.

மீசைக்காரர் அசந்துபோனார்.

"அடேங்கப்பா! அக்கா, நீங்க எந்த ஹோட்டல்ல..."

அவள் கைகள் அப்படியே நின்றன. முகம் வெளுத்தது.

அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் அவன் சுமந்துகொண்டு திரிந்தான்.

"எங்கக்கா வீட்டுல தினமும் விருந்தாளிங்கண்ணே. கை சும்மாவே இருக்காது" என்றான், முந்திக்கொண்டு.

மீசைக்காரர் அவனைப் பார்த்தார். "அதானே!" என்று சொல்லி, அவள் விரல்களிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக, மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அவன் பில்லுக்குப் பணத்தை எண்ணி வைத்தான்.

பிறகு கிளம்ப எழுந்தார்கள். கண்ணாடிக் கதவு நேர் எதிரே இருந்தது.

இருவருமே சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.