சுவரில் ஒரு குமிழ்

சுவருக்கு வண்ணம் பூச வந்த பெயிண்டர், தையல்கூடத்து மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். அதற்குப் பின்னால் வயர் இல்லை. வெறும் சுவர்தான் இருக்கிறது. "என்ன சார், சும்மா திருகி வச்சிருக்கீங்க?" என்று சூப்பர்வைசரிடம் சாதாரணமாகத்தான் கேட்கிறார். முன்வரிசைத் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. விசிறிகள் மட்டும் என்றும்போல ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. புழுக்கம் தாங்கவில்லை என்று பெண்கள் நச்சரித்தபோது சூப்பர்வைசர் மாட்டிய பெட்டி அது. அன்றோடு முணுமுணுப்பு நின்றது. சட்டைகளும் மளமளவென்று வெளியே போயின. அதன் குமிழுக்குப் பொறுப்பு, தையல்காரிகளில் மூத்தவளான பெரியக்கா. நூல்தூசி பறந்தால் குறைப்பாள், யாருக்காவது வியர்த்தால் கூட்டுவாள், வெட்டுத்துணியால் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். இப்போது அவள் மடியில் பாதி தைத்த காலர் கிடக்கிறது. திருகிப் பழகிய விரல்களை, திருடிவிட்டவள்போல அதற்கடியில் மறைத்துக்கொள்கிறாள். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார். "நாளைக்கே வயர் இழுத்துக் குடுத்துடறேன்க்கா." "வேணாம் சார். நீங்களே பாத்து வைங்க." குரலில் கோபம் துளிகூட இல்லை, அதுதான் அவர் காதுமடலைச் சுடுகிறது. பின்வரிசையில் ஒரு மெஷின் மட்டும் விடாமல் ஓடுகிறது. எதையும் கவனிக்காத அந்தப் பெண் தலை நிமிராமல் சொல்கிறாள்: "அக்கா, கொஞ்சம் கூட்டி வையேன், வேகுது." பழக்கத்தில் பெரியக்கா பாதி எழுந்துவிடுகிறாள்.