கனகதாஸ் செய்த குமிழ்

"உனக்க குமிழை நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு மதி, போதும்," என்றார் பல் டாக்டர் விஜயதாஸ்.

சர்ச் முடிந்து வழக்கம்போல நேராக அவர் வீட்டுக்கு வந்திருந்த கனகதாஸ், வீங்கிய கன்னத்துக்குள் கிராம்பை இடம் மாற்றிக்கொண்டார். பாறசாலையில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை அவருடையது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வீட்டிலிருந்தே தூரத்து ஆட்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ பைத்தியம் பிடித்ததும் இருவருக்கும் ஒன்றாகத்தான்.

அந்தப் பைத்தியம்தான் டாக்டரைக் கவிழ்த்தது. ஓணத்துக்கு முன்பு மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டப் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கையில் பிடி வரவில்லை. எலும்பு டாக்டர் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கிணற்றுக்குள் போனது. வீட்டு முன்னால் இருந்த கிளினிக்கும் விழுந்த அன்று பூட்டியதுதான். பல் பிடுங்கியே பேர் வாங்கிய கை. அது போனதில் மனிதருக்குப் பெரிய துக்கம். அதைக் கோபமாகக் காட்ட மட்டும்தான் தெரியும்.

டாக்டரின் ரேடியோவில் இருந்த திருகு குமிழ் ஒரு இடி மின்னலில் கெட்டுப்போனதால், கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் போட்டு மவுஸால் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டிருந்தார். பந்து கிணற்றுக்குப் போன பிறகு, கனகதாஸ் ஒரு பழைய மவுஸின் உள்சக்கரத்தில் ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்குப் புதுக் குமிழ் பொருத்தி, மேஜையோடு முடுக்கி, கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்தார். திருகினால் திரையில் எண் நகரும், ஸ்டேஷன் மாறும். வலது கையால் மட்டுமே திருக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"முதல் நாள் எவ்வளவு கஷ்டமோ, இண்ணைக்கும் அவ்வளவுதான். கை ஒரு பொட்டும் தேறல்ல," என்றார் டாக்டர். "பல்லு பிடுங்க மணிக்கட்டு திரும்பணும் மக்கா. ஒரு குமிழைத் திருப்ப முக்குதவன் கடைவாய்ப் பல்லை எங்க திருப்ப? நீ அதுக்கு கிரீஸாவது போட்டியா?"

"போட்டதாக்கும்."

கனகதாஸ் குனிந்து, ஞாயிறுதோறும் செய்வதுபோல ஸ்க்ரூடிரைவரும் துணியுமாகக் குமிழின் அடியில் எதையோ துடைத்தார்.

"கிளினிக்கை எஸ்.டி.டி. பூத்துக்கு விட்டாச்சு. பூத்து போடுத உண்ணி இப்ப சாவி வாங்க வருவான்." டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப எனக்க பல்லு?"

"நெய்யாற்றின்கரையில வேற டாக்டர் உண்டு. எத்தனை நாளா சொல்லுதேன்."

"வேற ஆளுட்ட நான் வாய் தெறக்க மாட்டேன்."

உண்ணி வந்தான். குன்னத்துகால் அரிசிக் கடையில் மூட்டை தூக்கித் தேறிய தோள். மேஜையில் கிடந்த சாவியை எடுக்கக் கை நீட்டினான்.

"சாவி அங்கண கெடக்கட்டு தம்பி," என்றார் கனகதாஸ். "அந்தக் குமிழை ஒண்ணு திருப்பு, பாப்போம்."

உண்ணி ஒரு கையால் திருப்பினான். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இது பிடிச்சுப் போச்சு டாக்டரே. திரியாது."

"நேத்து திரிஞ்சுதே." டாக்டர் எரிச்சலோடு அவனை விலக்கிவிட்டு வலது கையைப் போட்டார். குமிழ் முனகிக்கொண்டே சுற்றியது. அதுவரை ரேடியோவில் வாத்துக் குரலில் கரகரத்துக்கொண்டிருந்த யாரோ, மனிதக் குரலுக்குத் திரும்பி, கொழும்பில் நல்ல மழை என்றார்.

உண்ணி டாக்டரின் கையைப் பார்த்தான். டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம தோறும் நான் தூசி தட்டவா வந்தேன்? அடியில உள்ள ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா முறுக்க வந்ததாக்கும்," என்ற கனகதாஸ், கிளினிக் சாவியை எடுத்து அந்த வலது கையில் வைத்தார். பிறகு கிராம்பைத் துப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.