இன்னும் ஒரு திருகு

சட்டியில் வடிந்து கிடக்கும் கறுப்பு ஆயிலில் காலை வெயில் மினுங்குகிறது. ஃபில்டரை மாற்றி முடித்த மனைவி, பழைய பைக்கின் அடியில் குனிந்து போல்ட்டைத் திருகுகிறாள். வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்ட அவள் கணவர், மெக்கானிக், நாற்காலியில் சாய்ந்தபடி அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போல்ட் இறுகிவிட்டது, ஸ்பேனர் முனகுகிற சத்தமே சொல்கிறது. இன்னும் ஒரு திருகு திருகினால் மரை போய்விடும். நாளைக்கு அவள் வேலையில் சேர வேண்டும், இந்த வண்டியை விட்டால் வேறு கதி இல்லை. “ஆ... ஆ...” என்கிறார். பசித்தாலும் அவரிடம் அந்தச் சத்தம்தான், வேண்டாமென்றாலும் அதேதான். அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துச் சிரிக்கிறாள். “இன்னும் இறுக்கணுமா? சரிங்க, என்னைக்கு உங்க பேச்சைத் தட்டியிருக்கேன்?” இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்க்கிறாள்.